வீட்டில் பதிவு செய்த பாட்டை மாஸ்டரிங் செய்து ஆடியோ சிடியாக்க எந்த மென்பொருள்?

உங்கள் கேள்வியை முதலில் என் சொற்களில் சொல்லிவிடுகிறேன். நான் தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் பதிலும் கோணலாகப் போய்விடும். அப்பாவுக்குத் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம். வருகிறவர்களுக்குத் தாம்பூலப் பையில் போட்டுக் கொடுக்க, அம்மா பாடிய முருகன் பாடல்களை ஆடியோ சிடியாக நூறு பிரதி எடுக்க வேண்டும். குரல், எலக்ட்ரானிக் தம்புரா, பக்கத்து வீட்டு மாமாவின் மிருதங்கம், அவ்வளவுதான் கச்சேரி. மாடி அறையில் ஆடாசிட்டியில் பதிவு செய்திருக்கிறீர்கள்: 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ். விருத்தங்களையும் (பாட்டுக்கு முன் தாளமில்லாமல் பாடும் செய்யுள்கள்) சேர்த்துப் பதினொரு உருப்படி, மொத்தம் 62 நிமிடம். விண்டோஸ் லேப்டாப், சிடி டிரைவ் கிடையாது. "மாஸ்டரிங்கும் செய்து சிடியும் எழுதித் தருகிற ஒரே மென்பொருள் எது, இலவசமாக இருந்தால் நல்லது" என்று கேட்டிருக்கிறீர்கள்.

ரீப்பர் என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். அதோடு நாலைந்து இலவச பிளக்-இன்கள் (மென்பொருளுக்குள் சேர்த்துக்கொள்ளும் சிறு ஒலிக் கருவிகள்), சிடி எழுதுவதற்கு இம்க்பர்ன். போதும். ஏன் இந்தச் சேர்க்கை என்பதைச் சொன்னால்தான், நாளைக்கு வேறு யாராவது வேறொன்றைச் சொல்லும்போது உங்களால் எடைபோட முடியும்.

இந்த வேலையில் மூன்று வேலைகள் ஒளிந்திருக்கின்றன. ஒலியைச் சீர்செய்வது ஒன்று. பாடல்களை வரிசைப்படுத்தி, இடைவெளி வைத்து, பூச்சரம் மாதிரி கோப்பது இரண்டாவது. தட்டில் எழுதுவது மூன்றாவது. மாஸ்டரிங் என்பது முதல் இரண்டும் சேர்ந்தது. மென்பொருள் தேடுகிறவர்கள் எல்லாரும் முதல் வேலையை வைத்துத்தான் ஒப்பிடுகிறார்கள்: எதில் ஈக்யூ (அதிர்வெண்வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைப்பது) நன்றாக இருக்கிறது, எதில் லிமிட்டர் (ஒலி ஓர் அளவைத் தாண்டாமல் தடுப்பது) நன்றாக இருக்கிறது என்று. ஆனால் பிளக்-இன்கள் எந்த மென்பொருளுக்குள்ளும் ஏறி உட்காரும். தட்டில் எழுதுகிற வேலையையும் அதற்கென்றே உள்ள இலவச மென்பொருள்கள் பலவும் செய்துவிடும். நடுவில் இருக்கிற கோக்கிற வேலையில்தான் ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். உங்கள் சிடியில் அதுதான் உயிர்நாடியும்கூட, ஏனென்றால் உங்களிடம் விருத்தம் இருக்கிறது.

விருத்தம் முடிகிற இடத்தில் தம்புரா நிற்பதில்லை. அம்மா கடைசி வரியை இழுத்து சட்ஜத்தில் நிறுத்துகிறார், தம்புரா ஓடிக்கொண்டிருக்கிறது, மிருதங்கம் தொடுகிறது, பாட்டு தொடங்குகிறது. கேட்கிறவருக்கு இது ஒரே ஓட்டம். ஆனால் நேராகப் பாட்டுக்குத் தாவ நினைக்கிறவருக்காக அந்த இடத்தில் புது டிராக் தொடங்க வேண்டும். ஒலி அறுபடாமல் டிராக் எண் மட்டும் மாற வேண்டும். இதைச் சரியாகச் செய்யத் தெரியாத மென்பொருள் அங்கே இரண்டு நொடி மௌனத்தைச் செருகும், இல்லையென்றால் 'டிக்' என்று ஒரு சத்தத்தை விட்டுவைக்கும். சினிமாப் பாட்டுத் தொகுப்பில் யாரும் கவனிக்கமாட்டார்கள். தம்புரா ஓடும் இடத்தில் பல்லில் கல் சிக்கியதுபோல் இருக்கும்.

அந்த 'டிக்' எங்கிருந்து வருகிறது என்பது தெரிந்திருந்தால் நல்லது. ஆடியோ சிடிக்கான விதிகளை பிலிப்ஸும் சோனியும் 1980-இல் வகுத்தன. சிவப்புப் புத்தகம் என்று பெயர். 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், ஸ்டீரியோ, அதிகபட்சம் 99 டிராக், ஒரு டிராக் குறைந்தது 4 நொடி. சிடியில் நேரம் நொடியில் 75-இல் ஒரு பங்காக அளக்கப்படுகிறது. அந்த ஒரு துண்டுக்கு ஃபிரேம் என்று பெயர். நொடிக்கு 44,100 ஒலி அளவீடுகள் (சாம்பிள்கள்); அதை 75-ஆல் வகுத்தால் 588; ஆக ஒரு ஃபிரேமில் சேனலுக்கு 588 சாம்பிள்கள். டிராக் தொடங்க வேண்டுமென்றால் ஃபிரேம் எல்லையில்தான் தொடங்க முடியும். நீங்கள் விருத்தத்தையும் பாட்டையும் நினைத்த இடத்தில் வெட்டி இரண்டு தனித்தனி வேவ் கோப்புகளாகச் சேமித்தால், முதல் கோப்பின் கடைசி ஃபிரேம் அநேகமாக முழுதாக நிரம்பியிருக்காது. எழுதும் மென்பொருள் மிச்ச இடத்தைச் சுழியத்தால் நிரப்பும். நொடியில் 75-இல் ஒரு பங்குகூட இராத அந்த மௌனம்தான் காதில் 'டிக்' என்று விழுகிறது.

இப்போது மென்பொருள்களைப் பார்க்கலாம்.

ஆடாசிட்டி உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது, பழகியும் விட்டது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் பிறந்த இலவச மென்பொருள், பதிவுக்கு அருமையானது. சிடி எழுதும் வசதி அதற்குள் கிடையாது. ஆனால் டிராக் தொடங்கும் இடங்களில் லேபிள்களைப் போட்டு, நேரக் காட்டியை 75 ஃபிரேம் கணக்குக்கு மாற்றி, தேர்வுகள் ஃபிரேம் எல்லையில் ஒட்டும்படி வைத்து, லேபிள்வாரியாக வெவ்வேறு கோப்புகளாக ஏற்றுமதி செய்தால் மேலே சொன்ன 'டிக்' வராது. புரொஜெக்ட் 44.1-இல் இருக்கும்போதுதான் இதைச் செய்ய வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். ஒரு ரூபாய்கூடச் செலவழிக்கமாட்டேன் என்றால் இந்த வழி. ஒரு பாட்டின் இடைவெளியை அரை நொடி கூட்ட நினைத்தால் பின்னால் உள்ள எல்லாவற்றையும் மறுபடி சரிபார்க்க வேண்டியிருக்கும், அதுதான் தொல்லை. இடைவெளியை ஒருமுறையில் யாரும் சரியாக வைப்பதில்லை. நான் பத்துத் தடவையாவது மாற்றுவேன்.

ரீப்பரை உருவாக்கியவர் ஜஸ்டின் ஃபிராங்கல். ஒரு காலத்தில் எல்லார் கம்ப்யூட்டரிலும் இருந்த வின்ஆம்ப்பை எழுதியவரும் அவர்தான். 60 நாள் முழு வசதிகளோடு பயன்படுத்திப் பார்க்கலாம். உங்களைப் போன்ற சொந்த உபயோகத்துக்கு உரிமம் 60 டாலர். பதினொரு உருப்படிகளையும் ஒரே நீண்ட காலக்கோட்டில் அடுக்கி, ஒவ்வொன்றும் தொடங்கும் இடத்தில் ஒரு மார்க்கர் வைக்கிறீர்கள். ரெண்டர் செய்யும்போது (முடித்த வேலையைக் கோப்பாக வெளியிடும்போது) வெளியீட்டு வகையாக ஆடியோ சிடி இமேஜைத் தேர்ந்தெடுத்தால், முழு சிடியும் ஒரே பின் (.bin) கோப்பாகவும், எந்த டிராக் எங்கே தொடங்குகிறது என்ற பட்டியல் ஒரு க்யூ (.cue) கோப்பாகவும் வரும். ஒலி ஒரே துண்டு என்பதால் நடுவில் சுழியம் புகுவதற்கே வழியில்லை. மார்க்கர் ஃபிரேம் எல்லையில் இல்லாவிட்டாலும் டிராக் எண் மாறும் கணம்தான் ஒரு இம்மி நகரும், ஒலி அறுபடாது. அந்தச் சாளரத்தில் ஒவ்வொரு டிராக்குக்கு முன்னும் மௌனம் சேர்க்கும் கட்டம் ஒன்று இருக்கும். அதைச் சுழியமாக்கிவிடுங்கள். சிடியின் தொடக்கத்துக்கான 2 நொடி மட்டும் இருக்கட்டும், அது விதிப்படி வேண்டியது. காலக்கோட்டில் வேறு காரணத்துக்காகவும் மார்க்கர் வைக்கும் பழக்கம் இருந்தால், # குறியில் தொடங்குபவற்றை மட்டும் டிராக்காக எடுத்துக்கொள்ளச் சொல்லலாம்.

ரீப்பரின் முகம் அழகானது என்று சொல்லமாட்டேன். முதல் இரண்டு நாள் திட்டுவீர்கள், மூன்றாம் நாளிலிருந்து பழகிவிடும்.

தொழிலாகச் செய்கிறவர்கள் ஸ்டைன்பெர்க்கின் வேவ்லேப் புரோ, சீக்வோயா போன்றவற்றை வைத்திருப்பார்கள். வேவ்லேபில் சிடி கோப்பது உண்மையிலேயே சுகமான வேலை. 1995 முதல் இதையே செய்துகொண்டிருக்கும் மென்பொருள் அது. ஆனால் வருஷத்துக்கு ஒரு சிடி போடுகிற வீட்டுக்கு அந்த விலை எதற்கு? நடுவில் ஜெர்மனியின் ஹோஃபா தரும் சிடி-பர்ன் டிடிபி மாஸ்டர் இருக்கிறது. கோக்கவும் எழுதவும் மட்டுமே ஆன சிறு கருவி, விலையும் பெரிதில்லை. ரீப்பரைப் பார்த்தாலே தலை சுற்றுகிறது என்றால் ஆடாசிட்டியோடு இதைச் சேர்த்துக்கொள்ளலாம். லினக்ஸ்காரர்களுக்கு ஆர்டர், எழுத கே3பி. பழைய ஆட்கள் சிடி ஆர்க்கிடெக்ட் என்ற பெயரைச் சொல்லிப் பெருமூச்சு விடுவார்கள். நானும் விடுவேன். ஆனால் அது நின்றுபோன மென்பொருள், இப்போது தேடி அலைய வேண்டாம்.

பாட்டை ஏற்றினால் தானாகவே மாஸ்டரிங் செய்து தரும் இணையச் சேவைகளும் உண்டு. 2014-இல் வந்த லேண்டர் அவற்றில் முன்னோடி. பாப் பாட்டுக்குப் பரவாயில்லை. தம்புராவும் ஒற்றைக் குரலும் மிருதங்கமும் மட்டும் உள்ள பதிவை அவற்றிடம் கொடுக்க எனக்கு மனசு வராது. காரணம் கீழே வருகிறது.

சரி, ஒலிக்கு வருவோம்.

முதலில் மின்விசிறி இரைச்சல். பின்னணியில் மெல்லிய இரைச்சல் இருக்கிறது, ஆடாசிட்டியின் இரைச்சல் நீக்கியைப் போட்டால் தம்புரா தண்ணீருக்குள்ளிருந்து கேட்பதுபோல் ஆகிவிடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படித்தான் ஆகும். அந்தக் கருவிக்கு "இதுதான் இரைச்சல்" என்று ஒரு மாதிரித் துண்டைக் காட்ட வேண்டும். நீங்கள் காட்டிய துண்டில் தம்புராவும் ஓடிக்கொண்டிருந்திருக்கும். இடைவிடாமல் ஒரே மாதிரி ஒலிப்பதையெல்லாம் இரைச்சல் என்று எடுத்துக்கொள்கிற கருவி அது. தம்புராவைவிட இடைவிடாமல் ஒலிக்கிற வாத்தியம் உலகத்தில் ஏது? தம்புராவைப் போடுவதற்கு முன்னால், விசிறி மட்டும் ஓடிய சில நொடிகள் பதிவின் தொடக்கத்தில் எங்காவது இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதை மாதிரியாகக் காட்டி 6 டெசிபெல் அளவுக்கு மட்டும் குறையுங்கள். இல்லையென்றால் இரைச்சலை அப்படியே விட்டுவிடுங்கள். மெல்லிய விசிறிச் சத்தத்தை இரண்டு நிமிடத்தில் காது மறந்துவிடும், கெட்டுப்போன தம்புராவை மறக்காது.

அடுத்தது மின்சார 'ஹம்'. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதன் மடங்குகளான 100, 150-லும் முனகல் வரும். எல்லா வழிகாட்டிகளும் மூன்றிலும் குறுகலாக வெட்டச் சொல்லும். உங்கள் அம்மா ஐந்து கட்டை சுருதியில் பாடுகிறார் என்றால் கொஞ்சம் நில்லுங்கள். ஐந்து கட்டைக்கு மத்திய ஸ்தாயி சட்ஜம் 196 ஹெர்ட்ஸ், தம்புராவின் மந்தர சட்ஜம் 98. நீங்கள் 100-இல் வைக்கும் வெட்டு அந்த மந்தர சட்ஜத்தின் தலையில்தான் விழும். தம்புரா வயிறு காலியானதுபோல் ஒலிக்கும். 50-இல் வெட்டுங்கள், வேண்டுமானால் 150-இல் வெட்டுங்கள், அங்கேயும் மந்தர பஞ்சமம் 147-இல் இருக்கிறது என்பதால் மிகக் குறுகலாக. 100-ஐத் தொடாதீர்கள். அதேபோல் "80 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாவற்றையும் அகற்று" என்ற பொது ஆலோசனை குரலுக்கு மட்டும்தான் பொருந்தும். மிருதங்கத்தின் தொப்பி (இடது பக்கம்) பேசுவது அங்கேதான். 30 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டினால் போதும். மேஜையில் இடித்தது, மாடிப்படியில் யாரோ நடந்தது எல்லாம் அதிலேயே குறையும்.

ஈக்யூவுக்கு டோக்கியோ டான் லேப்ஸ் தரும் நோவாவை இறக்கிக்கொள்ளுங்கள், இலவசம். குரல் மேலே போகும்போது மட்டும் காதைக் குத்துகிற இடம் ஒன்று வீட்டுப் பதிவுகளில் இருக்கும், பெரும்பாலும் 2,500-லிருந்து 4,000 ஹெர்ட்ஸுக்குள். அங்கே அந்தக் கணத்தில் மட்டும் அமுக்கி, மற்ற நேரத்தில் சும்மா இருக்க நோவாவால் முடியும். உரத்த இடங்களை அமுக்கிச் சமன்படுத்தும் கம்ப்ரெஸர் வேண்டுமென்றால் அதே நிறுவனத்தின் கோட்டெல்னிகாஃபும் இலவசம்தான். உங்கள் பதிவுக்கு அது தேவைப்படாமலே போகலாம்.

லிமிட்டரில்தான் எல்லாரும் கெடுத்துக்கொள்கிறார்கள். மிருதங்கத்தின் சாப்பு என்ற கூர்மையான அடி குரலைவிட மிக உயரமாக எழும்பி ஒரு கணத்தில் அடங்கிவிடும். மொத்த ஒலியையும் ஏற்றிக்கொண்டே போனால் முதலில் லிமிட்டரில் முட்டுவது அந்தச் சாப்புதான். முட்டும்போது லிமிட்டர் சாப்பை மட்டும் அமுக்குவதில்லை, அந்தக் கணத்தில் ஒலிக்கும் எல்லாவற்றையும் சேர்த்து அமுக்குகிறது. ஒவ்வொரு சாப்புக்கும் தம்புரா உள்ளே போய் வெளியே வரும், மூச்சிரைப்பவர் மாதிரி. தானியங்கி மாஸ்டரிங்கிடம் கொடுக்க வேண்டாம் என்றது இதனால்தான். அவை இன்றைய பாப் உரத்துக்கு ஏற்றித் தரவே பார்க்கும். ரீப்பரோடு வரும் ரியாலிமிட்டே போதும், லவுட்மேக்ஸ் என்ற இலவச லிமிட்டரும் நல்லதே. உச்சத்தை மைனஸ் 1 டெசிபெலில் நிறுத்தி, மிக உரத்த சாப்புகளில் மட்டும் இரண்டு மூன்று டெசிபெல் குறையும்படி வையுங்கள். அதற்கு மேல் குறைகிறதென்றால் நீங்கள் பேராசைப்படுகிறீர்கள்.

மொத்த உரத்தை அளக்க யூலீன் லவுட்னஸ் மீட்டர், அதுவும் இலவசம். லஃப்ஸ் என்ற அலகில் காட்டும். ஸ்பாட்டிஃபையும் யூடியூபும் மைனஸ் 14 என்பதால் சிடிக்கும் அதையே வைக்க வேண்டும் என்று ஒரு நம்பிக்கை பரவியிருக்கிறது. அது அந்தச் சேவைகள் ஒரு பாட்டுக்கும் இன்னொன்றுக்கும் சமன் செய்ய வைத்திருக்கும் அளவு. சிடி பிளேயர் எதையும் சமன் செய்வதில்லை, அங்கே உங்கள் இஷ்டம். இந்த மாதிரிப் பதிவுக்கு நான் மைனஸ் 17, 16 என்று நிறுத்திக்கொள்வேன். சத்தம் போதாதவர் குமிழைத் திருகிக்கொள்ளட்டும்.

அந்த அளவு மொத்தச் சிடிக்கு. ஒவ்வொரு டிராக்கையும் தனித்தனியாக அதே அளவுக்கு ஏற்றும் பொத்தான் எல்லா மென்பொருளிலும் இருக்கிறது, அதைத் தொடவே தொடாதீர்கள். விருத்தம் அடக்கமாக இருந்து பாட்டு நிமிர்ந்து எழுவதுதானே அழகு? பொத்தானை அமுக்கினால் இரண்டும் ஒரே உயரத்தில் நிற்கும். இரண்டும் சேரும் இடத்தில் தம்புராவின் அளவு படக்கென்று மாறும்.

அடுத்து 48-லிருந்து 44.1-க்கு வருவதும் 24 பிட்டிலிருந்து 16-க்கு வருவதும். இரண்டும் எல்லாம் முடிந்தபிறகு, கடைசியில், ஒரே ஒருமுறை. ரீப்பரில் ரெண்டர் சாளரத்திலேயே மாற்றும் முறையைத் தேர்ந்தெடுக்கலாம், ஆர்8பிரெயின் என்று இருப்பதை வைத்துக்கொள்ளுங்கள். பிட் குறைப்பதற்கு அதே சாளரத்தில் டிதர் என்ற கட்டத்தை டிக் செய்யுங்கள். 16 பிட் என்றால் 65,536 படிகள்தான். கடைசிப் பாட்டு முடிந்து தம்புரா மெல்ல மெல்லத் தேய்ந்து மறையும்போது ஒலி அந்தப் படிகளில் மிகக் கீழே உள்ள சிலவற்றில்தான் நடக்கும். டிதர் இல்லையென்றால் அங்கே மணல் உரசுவதுபோல் ஒரு கரகரப்பு வரும். டிதர் காதுக்கு எட்டாத அளவு சன்னமான இரைச்சலைத் தூவி அந்தக் கரகரப்பைக் கரைத்துவிடுகிறது. ஹெட்ஃபோனில் குமிழை முழுக்க ஏற்றிக் கேட்டால் வித்தியாசம் தெரியும். வழக்கமான சத்தத்தில் தெரியாது, இருந்தாலும் டிக் செய்வதற்குக் காசா பணமா.

48-ஐயும் 44.1-ஐயும் குழப்பினால் என்ன ஆகும் என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்டவன். ஒரு வீட்டுக் கச்சேரிப் பதிவின் நடுவில் ரெக்கார்டரின் பேட்டரி போய்விட்டது. நான்தான் மாற்று பேட்டரி எடுத்துப் போகவில்லை. கோப்பின் தலைப்பகுதி எழுதப்படாததால் எதிலும் திறக்கவில்லை. ஆடாசிட்டியில் ரா (தலைப்பில்லாத வெறும் தரவு) கோப்பாகத் திறந்தேன், எவ்வளவு கிலோஹெர்ட்ஸ் என்று அது கேட்டதற்கு 44.1 என்று பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டேன். அது 48-இல் பதிவானது. சுத்தமாகத்தான் கேட்டது, கொஞ்சம் நிதானமாகப் பாடியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். சிடியைக் கொண்டுபோய்க் கொடுத்ததும் பாடியவர் முதல் வரியிலேயே நிறுத்தச் சொன்னார். "இது என் சுருதியே இல்லை, தம்பி. எந்தக் கட்டையிலும் சேரவில்லை இது" என்றார். கணக்குப் பார்த்தால் சரிதான்: 48-ஐ 44.1 ஆக ஓட்டினால் ஒன்றரை அரைச்சுரத்துக்குச் சற்றுக் குறைவாக இறங்கும். ஐந்து கட்டையில் பாடியது நாலுக்கும் நாலரைக்கும் நடுவில் போய் நின்றிருந்தது. அன்றிலிருந்து எழுதுவதற்கு முன் தம்புராவை ஒரு டியூனர் செயலியில் காட்டிப் பார்க்காமல் விடுவதில்லை.

எழுதுவதற்கு யூஎஸ்பியில் மாட்டும் எக்ஸ்டர்னல் ரைட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். இம்க்பர்ன் பழைய மென்பொருள், 2013-க்குப் பிறகு புதுப் பதிப்பு இல்லை, ஆனால் வேலையைச் செய்கிறது. அதன் சொந்தத் தளத்திலிருந்தே இறக்குங்கள். நிறுவும்போது வேறு எதையாவது சேர்த்து நிறுவட்டுமா என்று கேட்டால் மறுத்துவிடுங்கள். ரீப்பர் தந்த க்யூ கோப்பை அதில் திறந்து எழுதச் சொன்னால் போதும். வேறு மென்பொருளில் எழுதுவதானால் டிஸ்க்-அட்-ஒன்ஸ் என்ற முறை இருக்கிறதா பாருங்கள், அதில்தான் லேசர் அணையாமல் முழுதும் ஒரே மூச்சில் எழுதும். டிராக்-அட்-ஒன்ஸ் என்றால் ஒவ்வொரு டிராக்குக்கும் நின்று நின்று எழுதி, நடுவில் இடைவெளி விடும். விருத்தம் போச்சு.

வேவ் கோப்புகளை எக்ஸ்ப்ளோரரில் சிடி மேல் இழுத்துப் போட்டு எழுதுவது ஆடியோ சிடி ஆகாது. அது டேட்டா சிடி, பழைய பிளேயர் அதை வாயில் வைத்துவிட்டுத் துப்பிவிடும். எம்பி3 சிடியும் வேறு ஜாதி.

பாட்டின் பெயர் காரின் திரையில் தமிழில் வர வேண்டும் என்று ஆசைப்பட்டிருக்கிறீர்கள். வராது. சிடி-டெக்ஸ்ட் என்ற ஏற்பாடு ரோமன் எழுத்துகளுக்கும் ஜப்பானிய மொழிக்கும் இடம் வைத்தது, தமிழுக்கு இல்லை. ரோமன் எழுத்தில் பெயரைக் கொடுங்கள், திரையில் தெரிகிற பிளேயர்களில் தெரியும். க்யூ கோப்பு சாதாரண எழுத்துக் கோப்புதான். நோட்பேடில் திறந்து பெயர்களைத் திருத்தலாம்.

எழுதும் வேகம் 16 மடங்கு வையுங்கள். ஒரு மடங்கில் எழுதினால்தான் தரம் என்பது பழங்கதை, இன்றைய தட்டுகள் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. 52-க்கும் ஓட்ட வேண்டாம். 62 நிமிடச் சிடி 16 மடங்கில் ஏறக்குறைய நாலு நிமிடம், எடுத்து வைக்கும் நேரமும் சேர்த்து ஐந்தாறு. நூறு தட்டுக்கு எட்டிலிருந்து பத்து மணி நேரம். கல்யாண வேலைக்கு நடுவில் முடியாது என்றால் பல தட்டுகளை ஒரே நேரத்தில் நகலெடுக்கும் கடையில் கொடுங்கள். சென்னையில் ரிச்சி தெருவில் விசாரிக்கலாம். கடையில் ஐஎஸ்ஓ கோப்பு (டேட்டா சிடியின் முழு நகல்) கேட்டால் இல்லை என்று சொல்லுங்கள். ஆடியோ சிடியை ஐஎஸ்ஓவாக ஆக்க முடியாது. நீங்கள் எழுதிய மூலச் சிடியையே கொடுக்க வேண்டும். தொழிற்சாலையில் அச்சாக வார்ப்பதென்றால் அவர்கள் டிடிபி (தொழிற்சாலைக்குக் கொடுக்கும் சிடிக் கோப்புத் தொகுப்பு) கேட்பார்கள், ரீப்பர் அதையும் தரும். ஆனால் நூறு பிரதிக்கு அது கட்டுப்படியாகாது.

நல்ல தட்டு கிடைப்பதுதான் இப்போது பெரும்பாடு. ஜப்பானின் தையோ யூடன் 2015-ஓடு இந்தத் தொழிலை விட்டது. நம் ஊர்க் கடைகளை நிரப்பிய மோசர் பேர் 2018-இல் கலைப்புக்குப் போனது. கிடைப்பதில் பத்தை வாங்கி எழுதி, வீட்டிலும் சொந்தக்காரர்களிடமும் உள்ளதிலேயே பழைய பிளேயரில் முழுதாக ஓட்டிப் பார்த்துவிட்டு மீதி தொண்ணூறை வாங்குங்கள். எங்காவது தாவினால் வேகத்தை 8-க்குக் குறைத்து ஒன்று எழுதிப் பாருங்கள், அப்போதும் தாவினால் தட்டை மாற்றுங்கள். மேலே காகித லேபிள் ஒட்டாதீர்கள். ஓரம் கிளம்பினால் கார் பிளேயருக்குள் மாட்டிக்கொள்ளும். அச்சிடத்தக்க மேற்பரப்புள்ள தட்டு வாங்கி இங்க்ஜெட்டில் அடிக்கலாம், இல்லை சிடி மார்க்கரால் எழுதலாம். பால்பாயின்ட் பேனா ஆகாது. எழுதும் சிடியில் ஒலியைத் தாங்கும் படலம் மேல்பக்கத்துக்கு மிக அருகில் இருக்கிறது, கீழ்ப்பக்கக் கீறலைவிட மேல்பக்கக் கீறல்தான் ஆபத்து.

அப்புறம், உறையில் ஒவ்வொரு பாட்டின் நேரத்தையும் போட வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். போடுங்கள், ஆனால் கடைசி க்யூ கோப்பு கையில் வந்தபிறகு அச்சுக்குக் கொடுங்கள். அதில் இருப்பது பாட்டின் நீளம் அல்ல, சிடியின் தொடக்கத்திலிருந்து அந்தப் பாட்டு எங்கே ஆரம்பிக்கிறது என்ற நேரம். அடுத்ததிலிருந்து இதைக் கழித்தால் நீளம் வரும். மூன்றாவதாக இருக்கும் இரண்டு இலக்கம் ஃபிரேம். அது 74 வரைதான் போகும். நூறுக்கு என்று நினைத்துக் கழித்தால் கணக்கு உதைக்கும்.